சோதனை முடிந்த பிறகு மிஞ்சிய மூன்று கேள்விகள்

(நவம்பர் 2025 சிட்னிச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சுத்தமிழை முழுதாகத் திருத்தவில்லை.)



நாங்கள் இப்ப கூடியிருக்கிற இந்த மண் டாருக் மக்களின் மண். அவர்கள் இதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டம் தொடங்கினால் இதைச் சொல்லவேணும் எண்டதுக்காக நான் சொல்லவில்லை. இண்டைக்குப் பேசப்போற விசயத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. கடைசியில் அதுக்கு வருவேன்.

சனிக்கிழமைகளில் நானும் இன்னும் இரண்டு தோழர்களும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ரியூஷன் சொல்லிக்கொடுக்கிறது உங்களுக்குத் தெரியும். இந்த வருசம் மூன்று பேர் எச்.எஸ்.சி.யில் பண்டைய வரலாறு எடுத்தார்கள். சோதனை முடிந்த வாரம் பெண்டில் ஹில்லில் ஒரு கடையில் இருந்து ரோல்ஸும் பிளேன் ரீயுமாக இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். எந்தக் கேள்வி வந்தது, எத்தனை மார்க்ஸ் வரும் எண்டு பத்து நிமிசம் ஓடியது. மிச்ச நேரம் முழுக்க வேறு கதை. அதைத்தான் இங்கே சொல்கிறேன். மூன்று பேரும் சம்மதித்தபடியால்தான் சொல்கிறேன். பெயரும் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

இந்தப் பாடத்தை எடுக்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மூன்று மணித்தியாலச் சோதனை, நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மூன்று பகுதிகளில் தெரிவு உண்டு: ஸ்பார்ட்டாவைப் படிக்கலாம், ஹட்செப்சுட் அரசியைப் படிக்கலாம், பள்ளிக்கூடம் எதைத் தெரிகிறதோ அது. முதலாவது பகுதி மட்டும் எல்லாருக்கும் கட்டாயம். அது கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பொம்பெய், ஹெர்குலேனியம் என்ற இரண்டு ஊர்கள். அதாவது நியூ சவுத் வேல்ஸில் பண்டைய வரலாறு படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இத்தாலியின் அந்த இரண்டு ஊர்களின் தெரு, பேக்கரி, குளியல் மண்டபம் எல்லாத்தையும் மனப்பாடமாகச் சொல்லும்.

நானும் சொன்னவள்தான். எட்டு வருசத்துக்கு முன்னம் நான் இந்தப் பாடம் எடுத்தபோது அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. "ஸ்கேலிங் இல்லாத பாடம், செத்தவையின்ர கதை, இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறாய்?" எங்கட வீடுகளில் வரலாறு எண்டால் அது அப்பாமார் தேத்தண்ணியோடு கதைக்கிற விசயம். சோதனைக்குப் படிக்கிறது கணக்கும் கெமிஸ்ரியும். இங்கே இருக்கிற அரைவாசிப் பேர் சிரிக்கிறீங்கள், அப்ப உங்கட வீட்டிலும் இதே கதைதான்.

சரி, முதலாவது தம்பி.

இவனுக்குப் பிடித்தது மிளகு. வெசுவியஸ் வெடித்தபோது செத்தவர்களில் மூத்த பிளினியும் ஒருவர், ரோமக் கடற்படையின் ஒரு தளபதி. அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில், இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது எண்டு புலம்பியிருக்கிறார். பொம்பெயில் ஒரு வீட்டில் 1938இல் இந்திய யானைத்தந்தச் சிலை ஒன்று கிடைத்தது, இப்ப நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கு. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இன்னொரு துறைமுகமான குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் எண்டு ஆட்களின் பெயர்கள்.

தம்பி சொன்னான்: "அக்கா, நாங்கள் ரோமையே கடனாளியாக்கினாங்கள். இதை ஏன் சோதனையில கேக்கிறேல்லை?"

அவனுடைய சந்தோசம் எனக்கு விளங்குது. பன்னிரண்டு வருசம் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி வராமல், திடீரென்று பானை ஓட்டில் "சாதன்" எண்டு பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிமிரும். கேள்வியும் நியாயமானது. பொம்பெயைத் தனி ஒரு ஊராகப் படிப்பிக்கிறது ஒன்று, அந்த ஊரின் அடுப்புக்குள் இந்து சமுத்திரம் முழுக்க இருந்தது எண்டு படிப்பிக்கிறது வேறொன்று.

ஆனால் நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "அந்த மிளகை ஆர் பிடுங்கினது?"

ஒரு கிரேக்க மொழி வணிகர் முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற வழிகாட்டி இருக்கு. அதில் பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பு பற்றி ஒரு வரி வருகிறது: அங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்துத்தான் முத்தெடுக்கிறார்கள் எண்டு. ரோமாபுரிச் சீமாட்டியின் காதில் தொங்கிய முத்துக்காகக் கடலுக்குள் இறக்கப்பட்டவன் ஒரு கைதி. "நாங்கள்" எண்டு சொல்லும்போது நாங்கள் யாரைச் சேர்க்கிறோம்? முத்தை விற்ற ஆளையா, மூச்சுப் பிடித்து முத்தெடுத்த ஆளையா?

இது எங்களுக்கு முக்கியம் தோழர்களே. பழமை இப்ப எல்லா இடத்திலும் ஆயுதம். தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வு அறிக்கையை ஒன்றிய அரசின் தொல்லியல் துறை இந்த வருசம் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. இலங்கையில் 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். பாதுகாப்புச் செயலாளர் தலைவர். தொடங்கும்போது ஒரு தமிழரோ முஸ்லிமோ உறுப்பினராக இல்லை. மண்வெட்டி எங்கே விழுகிறதோ அங்கே காணி போகும் எண்டு எங்கட சனத்துக்குத் தெரியும்.

இதுக்கு எங்கட பதில் "நாங்கள்தான் முதல் வந்தனாங்கள்" எண்டு இருந்தால், நாங்கள் அவர்களுடைய கணக்கைத்தான் போடுகிறோம். முதல் வந்தவனுக்குத்தான் உரிமை எண்டால் மலையகத் தமிழருக்கு என்ன பதில்? அவர்கள் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டு 200 வருசம்தான். 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது அரசு சொன்னதும் கிட்டத்தட்ட இந்த நியாயம்தான். அப்பவே தமிழ்த் தலைவர்களில் சிலர் அதுக்குத் துணைபோனார்கள், அதையும் மறக்கக் கூடாது. இந்த நாட்டில் நாங்கள் வந்து எத்தனை வருசம்? ஒருத்தர் வாழுகிற மண்ணில் உழைத்து, பிள்ளை பெற்று, செத்தவர்களைப் புதைத்திருக்கிறார் எண்டால் அவருடைய உரிமைக்கு அது போதும். பானை ஓடு பெருமைக்கு இருக்கட்டும், அனுமதிச் சீட்டாக இருக்கத் தேவையில்லை.

தம்பி கொஞ்சம் முகம் சுருங்கினான். பிறகு சொன்னான்: "அப்ப கேள்வியை மாத்திறன் அக்கா. முத்துக் குளிச்சவையைப் பற்றி ஏன் சோதனையில கேக்கிறேல்லை?" இது நல்ல கேள்வி.

இரண்டாவது தம்பி பெரிதாகக் கதைக்காதவன். 2012 கடைசியில் தாய் தகப்பனோடு படகில் வந்தவன், அப்ப நான்கு வயது. இன்னும் பிரிட்ஜிங் விசா. இது எங்களுக்குப் பழகிப்போன சொல், ஆனால் வயது பதினெட்டில் அது எப்படிக் கடிக்கும் எண்டு பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் வரைக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கு. எச்.எஸ்.சி. முடிந்த அடுத்த நாள் அவன் வெளிநாட்டு மாணவன். அரசு மானிய இடம் கிடையாது, அரசாங்கக் கல்விக் கடன் கிடையாது. வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணம், இல்லாவிட்டால் ஏதாவது பல்கலைக்கழகம் இரங்கிக் கொடுக்கிற உதவித்தொகை.

அவனுக்குப் பிடித்தது ஹெர்குலேனியத்தில் ஒரு வழக்கு. பெட்ரோனியா யுஸ்தா என்ற பெண். அவளுடைய தாய் முதலில் அடிமை, பிறகு விடுதலை பெற்றவள். யுஸ்தா பிறந்தது தாய் விடுதலையாக முன்னமா, பிறகா? முன்னம் எண்டால் ரோமச் சட்டப்படி அவளும் அடிமையாகப் பிறந்தவள். பிறகு எண்டால் சுதந்திரப் பிறவி. அவளுக்கு அதை நிறுவப் பத்திரம் இல்லை. தாயும் செத்துவிட்டாள். பழைய எசமானி "இவள் அடிமையாகப் பிறந்தவள்தான்" எண்டு வாதாடினாள். வழக்கு ரோம் நகரம் வரைக்கும் போனது. சாட்சிகள் சொன்னது மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதப்பட்டு, எரிமலைப் படிவுக்குள் கருகியபடி மிஞ்சியிருக்கிறது. இரண்டு பக்கச் சாட்சியும் இருக்கு. தீர்ப்பு மட்டும் இல்லை.

தம்பி சொன்னான்: "அவளுக்கும் பேப்பர்தான் பிரச்சினை. ஆக்கள் வந்து, இவளை எனக்குத் தெரியும், இவள் நல்லவள் எண்டு சொல்லினம். அதுக்கிடையில மலை வெடிச்சிட்டுது."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு அவனே சிரித்துக்கொண்டு, "எங்கட கேஸ் முடியிறதுக்கிடையில சிட்னியில மலை ஒண்டும் இல்லை, அது ஒரு லாபம்" எண்டான்.

அவன் அந்தப் பகுதியை நல்லாகப் படித்ததுக்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பொம்பெய் எண்டால் மாளிகை, சுவரோவியம், தோட்டம் எண்டுதான் படம் போடுவார்கள். ஆனால் 2021இல் பொம்பெய்க்கு வெளியே சிவிற்றா ஜூலியானா என்ற இடத்தில் ஒரு அறை கிடைத்தது. 16 சதுர மீற்றர், உயரத்தில் ஒரு சின்ன யன்னல், மூன்று கட்டில், அதில் ஒன்று சின்னது, பிள்ளைக்காக இருக்கலாம். பக்கத்தில் குதிரை வண்டிச் சாமான்கள். 2023இல் நகரத்துக்குள் ஒரு பேக்கரி: யன்னலுக்குக் கம்பி, வெளியே போக வாசல் இல்லை. கழுதையும் அடிமையும் ஒன்றாகச் சுற்றி மாவரைத்த இடம். கருகிய பாணைப் படம் பிடித்து நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதைச் சுட்டவர்கள் இருந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இப்ப எங்கட வேலை என்ன எண்டால், இந்தத் தம்பியின் வழக்கில் தீர்ப்பு வரும் வரைக்கும் சும்மா கைகட்டிக்கொண்டு இருக்காமல், உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்கிறது. டிசம்பருக்கிடையில் செய்யவேணும். நான்கு பேர் வேண்டும். பேச்சு முடிந்ததும் என்னிடம் வாங்கோ.

மூன்றாவது ஒரு தங்கச்சி. அவளுடைய கதைக்காகத்தான் நான் இந்தப் பேச்சையே எழுதினேன்.

இந்தப் பாடத்தில் ஒரு பகுதி மனித எச்சங்களின் அறம் பற்றியது. பொம்பெயில் செத்தவர்களின் உடல் கரைந்து சாம்பலில் குழியாக இருந்தது. 1863இல் பியோரெல்லி அந்தக் குழிகளில் சாந்து ஊற்றி வார்ப்பெடுத்தார். நூறுக்கும் மேற்பட்ட வார்ப்புகள். ஹெர்குலேனியத்தின் கடற்கரையில், படகுக் கொட்டில்களில் ஒளித்திருந்த கிட்டத்தட்ட 300 பேரின் எலும்புகள் 1980 தொடக்கம் கிடைத்தன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து உல்லாசப் பயணிகளுக்குக் காட்டலாமா? இதுதான் விவாதம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் எழுதப் பழகுகிறார்கள்: ஒரு பக்கம் கல்விப் பயன், மற்றப் பக்கம் செத்தவரின் மரியாதை, கடைசியில் சமநிலையான முடிவு. முழுப் புள்ளி.

பள்ளிக்கூடத்து முன்னோட்டச் சோதனையில் தங்கச்சி இதுக்குப் பதில் எழுதி, கடைசியில் ஒரு பந்தி செம்மணி பற்றி எழுதியிருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு மையில் "தொடர்பற்றது" எண்டு வந்தது.

அவளுடைய தாய் அரியாலைக்காரி. 1996இல் உயர்தரச் சோதனை எழுதினவர். அந்த வருசம் செப்டெம்பர் 7ஆம் திகதி கிருசாந்தி குமாரசுவாமி கெமிஸ்ரிச் சோதனை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். பதினெட்டு வயது. தேடிப்போன தாய், தம்பி, அயலவர், ஒருத்தரும் திரும்பவில்லை. 1998இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற இராணுவக் கோப்ரல், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன எண்டு நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். பிறகு மூடிவிட்டார்கள்.

இந்த வருசம் பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்றக் கட்டளையோடு அகழ்ந்தார்கள். செப்டெம்பருக்கிடையில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். பிள்ளைகளுடையதும் உண்டு. ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை. ஓகஸ்ட் 5ஆம் திகதி அங்கே கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் சனம் வந்து அடையாளம் காணவென்று காட்சிக்கு வைத்தார்கள்.

அதாவது, எச்.எஸ்.சி.க்குப் படிக்கிற அதே மாதங்களில், இந்தப் பிள்ளை பகலில் பொம்பெயின் வார்ப்புகளைக் காட்சிக்கு வைக்கலாமா எண்டு எழுதிப் பழகுகிறாள். இரவில் தாயின் போனில் செம்மணியின் பொருட்கள் காட்சிக்கு வைத்திருக்கிற படம். தாய் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறா. இதைத் தொடர்பற்றது எண்டு எப்படிச் சொல்வது?

இறுதிச் சோதனையில் அவள் செம்மணி என்ற சொல்லை எழுதவில்லை. புள்ளி வருகிற மாதிரி எழுதிவிட்டு வந்தாள். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, நான் பிழை விட்டனானோ?"

நான் சொன்னேன், "இல்லையடி, நீ சரியாத்தான் செய்தனி. சோதனையில கேட்டதுக்குத்தான் பதில் எழுதவேணும்." ஒரு ரியூஷன் ரீச்சர் சொல்லக்கூடிய பதில். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அது உறுத்தியது. பிழை அவளுடையதில்லை, அது உண்மை. ஆனால் நான் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவளைத் திரும்பச் சந்தித்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நீ படித்த பாடம் செம்மணிக்குத் தேவையான பாடம். அங்கே அகழ்வை நடத்துகிறவர் ஒரு தொல்லியலாளர். எந்த மண்ணடுக்கில் எலும்பு கிடந்தது, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன பொருள், யார் எடுத்து யாரிடம் கொடுத்தார், எல்லாம் நீ பொம்பெய்க்குப் படித்த அதே கேள்விகள். மன்னாரை நினைத்துப் பார். 2018இல் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அமெரிக்காவுக்கு அனுப்பிய சில மாதிரிகள் பல நூறு வருசம் பழையவை எண்டு 2019இல் முடிவு வந்தது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. மற்றப் பொருட்களையும் பார் எண்டு கேட்டார்கள். அந்த நேரம் காலக்கணிப்பு எப்படி நடக்கிறது, ஆறு மாதிரி முழுக் குழிக்கும் பேசுமா எண்டு கேட்கத் தெரிந்த ஆட்கள் எங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? "பண்டையது" எண்டு ஒரு முத்திரை விழுந்தால் கொலை வழக்கு அருங்காட்சியகச் சாமானாகிவிடும். பண்டைய வரலாறு தெரிந்தவர்கள்தான் அந்த முத்திரையைச் சரி பார்க்க முடியும்.

இன்னொன்றும் சொன்னேன். பொம்பெயில் தங்கக் காப்புப் போட்ட ஒரு வார்ப்பு, மடியில் பிள்ளை. தாயும் பிள்ளையும் எண்டுதான் எல்லாரும் எழுதினார்கள். 2024இல் மரபணுவைச் சோதித்தால் அது ஒரு ஆண், பிள்ளைக்கு உறவே இல்லை. எங்கட சிட்னியின் எஸ்டெல் லேசர் பல வருசமாகச் சொல்லிவந்தது இதைத்தான்: எலும்பு சொல்லாத கதையை நாங்கள் எலும்பின் வாயில் வைக்கக் கூடாது. இது எங்களுக்கும் பொருந்தும். செம்மணியின் ஒவ்வொரு எலும்புக்கும் நாங்கள் இங்கேயிருந்து கதை எழுதி, போஸ்ரர் அடித்து, பேஸ்புக்கில் போட்டால் நாளைக்கு மரபணு வேறு சொல்லும். அண்டைக்கு இராணுவம் சிரிக்கும். பொறுமையும் துல்லியமும் எங்கட பக்கத்துக்குத்தான் அதிகம் தேவை.

தொடக்கத்தில் சொன்ன மண்ணுக்கு வருகிறேன். இந்த மாநிலத்தின் மேற்கில் முங்கோ ஏரி. 1974இல் அங்கே ஒரு மனிதனின் எலும்புகள் கிடைத்தன, கிட்டத்தட்ட 42,000 வருசம் பழையவை. கன்பராவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணின் மக்கள் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017இல்தான் அவர் ஊருக்குத் திரும்பினார். 42,000 வருசம் ஆனாலும் அவர்களுக்கு அவர் "எச்சம்" இல்லை, அவர்களுடைய ஆள். செத்தவர் எப்ப "பண்டையவர்" ஆகிறார், எப்ப சொந்தக்காரர் இல்லாதவர் ஆகிறார் எண்டு தீர்மானிக்கிறது யார்? பொம்பெய், முங்கோ, செம்மணி மூன்றுக்கும் இந்தக் கேள்வி ஒன்றுதான். சோதனைத்தாளில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அதனால் ஒரு யோசனை வைக்கிறேன். ஜனவரியிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வரலாற்று வாசிப்பு வட்டம். கோஷம் எழுதுகிற இடமாக வேண்டாம், முறைகளைப் படிக்கிற இடமாக இருக்கட்டும்: அகழ்வு, காலக்கணிப்பு, மரபணு, சாட்சியம். ஒவ்வொருத்தரும் பள்ளிக்கூடத்தில் "தொடர்பற்றது" எண்டு வெட்டப்பட்ட ஒரு பந்தியைக் கொண்டுவாங்கோ. தங்கச்சி தன்னுடைய பந்தியோடு முதல் ஞாயிறு வருகிறாள். பெற்றோரையும் கூட்டி வாங்கோ, அவர்கள்தான் எங்கட மூலச் சான்று.

தங்கச்சிக்கு இப்ப தொல்லியலும் எலும்பியலும் படிக்க ஆசை. வீட்டில் சொல்லப் பயந்துகொண்டிருந்தவள், போன கிழமை சொல்லிவிட்டாள். என்ர அம்மா மாதிரிக் கத்துவா எண்டு நினைத்தேன். தாய் கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டவவாம்:

"அதைப் படிச்சால் உன்னைச் செம்மணிக்கு உள்ள விடுவினமோ?"